இருபத்தெட்டும் சரியாக இருந்தது

மகனுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பெக்கோக் தபாலில் வந்து சேர்ந்தது. ரப்பரைச் சீந்த ஆளில்லாமல் செனாயில் உன் தோட்டத்தை மூடுகிறார்கள், ஊருக்கு அனுப்பப்படும் நாற்பத்தொரு பேரோடு நீயும் தனமும் குழந்தையும் கப்பல் ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஆறு மாதம்கூட ஆகாத பேரனை நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் தூக்கியிருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே தாள் தீர்ந்துவிடும். என்னை உலுக்கியது நீ கடைசியில் எழுதிய வரி. "பினாங்கு வரைக்கும் இந்தக் கூட்டத்துக்கு என்னையே தலைவனாப் போட்டிருக்காங்கப்பா. எல்லார் பேரும் ஒரே சீட்டுல. சீட்டு என் கையில" என்று எழுதியிருக்கிறாய். வேலை போன துக்கத்திலும் அந்த வரியில் மட்டும் உனக்கு ஒரு பெருமை. எனக்கு அந்தப் பெருமை தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே போன்ற ஒரு சீட்டை, இருபத்தெட்டுப் பேர் கொண்டதை, நான் மடித்து மடியில் செருகியிருந்தேன்.

தலைவன் என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஒருத்திக்கு வெற்றிலை இல்லாமல் வயிறு புரளும். ஒருத்தன் சொம்பைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்து உன் முகத்தைப் பார்ப்பான். ஜன்னலோரம் யாருக்கு என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பார்கள். ஒருவன் கழிப்பறையில் இருந்தால் மற்ற இருபத்தேழு பேரும் வெயிலில் நிற்க வேண்டும். சோறு ஒரே அண்டாவில் வெந்தாக வேண்டும், உப்புக் குறைந்தால் குற்றம் உன்னுடையது, கூடினாலும் உன்னுடையது. எங்கே போகிறோம் என்று தெரிந்தவன் ஒருவனும் இருக்க மாட்டான், எப்போது போய்ச் சேருவோம் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்களை ஊரிலிருந்து அழைத்துவந்த கங்காணி, பின்னால் வரும் ஆட்களுக்காக, கப்பலில் இறங்கியவர்களை வைத்திருக்கும் பினாங்குக் கேம்பிலேயே தங்கிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நாலு எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். "நீ கூட்டிக்கிட்டுப் போடா, ஏறும்போதும் எறங்கும்போதும் தலையை எண்ணிக்க, அவ்வளவுதான்" என்று சீட்டை என் கையில் திணித்தார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தரையில் கால் பாவவில்லை.

நம் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்த கதையை நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். கப்பலில் வாந்தி எடுத்தது, கேம்பில் ஆளுக்கொரு கருப்புக் கம்பளி கொடுத்தது, பெக்கோக்கில் மழையோடு மழையாக வந்து இறங்கியது எல்லாம் சொல்லியிருக்கிறேன். நானும் உன் அம்மாவும் இரண்டு பேராக வந்தோம் என்றுதான் சொன்னேன். அது பொய். மூன்று பேராகப் புறப்பட்டோம். உனக்கு ஒரு அக்கா இருந்தாள். செல்லம் என்று பெயர். எட்டு மாதம். மடிக்குழந்தைகளின் பெயரைச் சீட்டில் எழுதுவதில்லை. அதனால் இருபத்தெட்டில் அவள் இல்லை.

பினாங்கிலிருந்து ரயிலில் வரும்போது அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. சிகாமட்டில் வண்டி நின்றபோது எல்லோரையும் கீழே இறக்கிச் சோறு கொடுத்தார்கள். அதே வண்டியில் அடுத்த பெட்டியில் இன்னொரு கங்காணியின் கூட்டம் வந்துகொண்டிருந்தது, முப்பத்தொரு பேர், செனாய்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு. அவர்களும் இறங்கினார்கள். அவர்களுக்கும் அதே கேம்பு, அதே கருப்புக் கம்பளி. உன் அம்மா குழந்தையைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பாப்பாவுக்கு நெருப்பாச் சுடுதுங்க. இங்கயே எறங்கிக்கலாம். யாராவது வைத்தியரு இருப்பாரு. நாளைக்குப் போலாம்" என்றாள். நான் சீட்டைக் காட்டினேன். "எல்லாரும் ஒரே சீட்டுல இருக்கோம், புள்ள. நான் எறங்கிட்டா இவங்க கதி? இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு சிறு குடும்பம் நின்றது. சிலோன் பக்கத்து மனிதர், அவர் மனைவி, நாலு வயதில் ஒரு பெண். சொந்தமாக டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள். அந்தப் பெண் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டேஷன் ஆளிடம் மலாயில் ஏதோ கேட்டார். அந்த ஆள் கையை வீசி, "பேசோக் அடா லாகி" என்றான். நாளைக்கு இன்னொரு வண்டி இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். பெட்டியை இறக்கினார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், நடந்து வெளியே போய்விட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான் அவர்களை ஒரு மாதிரி இளக்காரமாகப் பார்த்தது நினைவிருக்கிறது. பொறுப்பில்லாத மனிதர்கள், நினைத்த இடத்தில் ஏறி நினைத்த இடத்தில் இறங்குகிறார்கள் என்று நினைத்தேன். கடவுளே, நான் அப்படித்தான் நினைத்தேன்.

விசில் ஊதியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் பாதிச் சோற்றோடு, கண்ணில் பட்ட கதவில் ஏறினார்கள். நான் கதவருகில் நின்று விரலை நீட்டி எண்ணினேன். மழைக்கு ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டதால் உள்ளே இருட்டாக இருந்தது. இருபத்தெட்டுக் கம்பளி. இருபத்தெட்டும் சரியாக இருந்தது. மூலையில் ஒடுங்கி, முகத்தை மூடிக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. உன் அம்மா என்று நினைத்தேன். கோபம், இருக்கட்டும், நான் மட்டும் என்ன செய்வேன், இறங்கியதும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கும் கொஞ்சம் வீறாப்பு இருந்தது, மறைப்பானேன்.

அந்த மூலையில் இருந்தது அடுத்த கூட்டத்துக் கிழவர். காது மந்தம், போதாததற்குத் தூக்கம். தள்ளுமுள்ளில் அவர் எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார், உன் அம்மா குழந்தையோடு அவர்கள் பெட்டியில் தள்ளப்பட்டுவிட்டாள். அந்தக் கங்காணியும் எண்ணியிருக்கிறார். அவருக்கும் முப்பத்தொன்று சரியாக இருந்திருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக அந்த வண்டியில் வழியில்லை, எண்ணி முடித்துப் பூட்டிய கதவை அவரவர் ஸ்டேஷனில்தான் திறப்பார்கள். அவள் அங்கே சுற்றிலும் தெரியாத முகங்களைப் பார்த்துப் பதறியதும், "உன் ஆளுங்க அடுத்த பெட்டியிலதானே இருக்காங்க, எறங்கும்போது சேந்துக்க" என்று அவர்கள் சமாதானம் சொன்னதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெக்கோக்கில் வண்டி ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ நின்றது. மழை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கள் ஆட்களை இறக்கி வரிசையாக நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு, பதினேழு. அப்போது வண்டிப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டது. கேட்டது மகனே. மழைச் சத்தத்திலும் நன்றாகவே கேட்டது. எந்தப் பெண்தான் கட்டியவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்? எல்லோருக்கும் புருஷன் ஏங்கதான். அந்தக் கூட்டத்தில் பதினோரு ஏங்க இருந்தோம். யாரோ ஒருத்தி அவள் வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறாள் என்று என் மனம் எனக்குச் சொன்னது. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழகின குரல் என்றும் அதே மனம் சொன்னது. திரும்பிப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், வண்டி கிளம்பிவிடும், யாராவது விடுபட்டால் என் தலை போகும். நான் திரும்பவில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்று போய்விட்டேன். இருபத்தெட்டை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

கூரைக்கடியில் ஒதுங்கிக் கம்பளிகளை எடுத்துப் பிழிந்தபோதுதான் கிழவரின் முகம் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே கூடிவிட்டது. ஓடினேன், தண்டவாளத்தில் கொஞ்ச தூரம் ஓடினேன், ரயிலை எவனாவது ஓடிப் பிடித்திருக்கிறானா? தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் அவர் வேலை. "இருபத்தெட்டுப் பேர் எண்டு போட்டிருக்கு. இருபத்தெட்டுப் பேர் நிக்கினம். நான் துரையிட்ட என்னத்தைச் சொல்ல?" என்றார். கங்காணி வந்து சேரும்வரை ஆட்களுக்கு நான்தான் பொறுப்பு, அசையக் கூடாது என்று உத்தரவு. அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயந்தேன். யாரும் என் காலில் விலங்கு போடவில்லை, ஆனாலும் இருந்தேன். எட்டாம் நாள் கங்காணி வந்த பிறகுதான் எனக்கு விடுமுறை கிடைத்தது. கிழவரை அதற்கப்புறமும் விடவில்லை. நான் அவளோடு திரும்பி வரும்வரை எண்ணிக்கை குறையக் கூடாதாம்.

எட்டாம் நாள் நான் தனியாகச் செனாய்க்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாக. ஒரு டிக்கெட், ஒரு ஆள். குளுவாங்கில் வண்டி நின்றபோது இறங்கிக் காப்பி குடித்துவிட்டு ஏறினேன், யாரையும் கேட்கவில்லை, யாரும் என்னை எண்ணவில்லை. எதிரில் இருந்தவன் பேச்சுக் கொடுத்தான், பிடிக்கவில்லை, எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. சிகாமட்டில் இந்தச் சுலபம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே என்று செனாய்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

செனாயில் இறங்கி விசாரித்து அந்தத் தோட்டத்துக்கு நடந்தேன். உன் அம்மா, ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடி காலியாக இருந்தது. என்னைப் பார்த்து எழுந்துகூட நிற்கவில்லை. ஐந்தாம் நாளே எல்லாம் முடிந்திருந்தது. நான் முதல் நாளே ஓடியிருந்தால் செல்லத்தை உயிரோடு பார்த்திருப்பேன். காப்பாற்றியிருப்பேனா தெரியாது, பார்த்திருப்பேன். அந்தக் கூட்டத்துப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். பெயர்கூடத் தெரியாத உன் அம்மாவோடு ஐந்து நாளும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஆற்றுக்குப் போகிற பாதையில் ஒரு நாவல் மரத்தடியில் குழந்தையை அடக்கம் செய்ததும் அவர்கள்தான். அவர்கள் கங்காணி மட்டும் என்னைப் பார்த்து, "எனக்கு முப்பத்தொண்ணு சரியாத்தான்யா இருந்துச்சு" என்று மூன்று முறை சொன்னார். நான் அவரை அடிக்கவில்லை. நானும் அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது உனக்குச் சில விஷயங்கள் விளங்கும். நானும் கங்காணியான பிறகு, காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் மற்றக் கங்காணிகள் விரலை ஆட்டி எண்ணிவிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும்போது, நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எங்கப்பா பெரட்டு மட்டும் மத்தியானந்தான் முடியும்" என்று நீயே உன் கூட்டாளிகளிடம் கேலி செய்தாய். துரைகூட இரண்டு முறை திட்டியிருக்கிறார். உன் அம்மா என்னோடு பெக்கோக்குக்குத் திரும்பிய பிறகு ரயில் ஏறியதே இல்லை. உனக்குச் செனாயில் வேலை கிடைத்த அன்று எல்லோருக்கும் பாயசம் கொடுத்தவள், தான் மட்டும் ஒரு வாய் வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தனம் எத்தனை முறை கூப்பிட்டாள்! குழந்தை பிறந்தபோதும் போகவில்லை. நீங்கள்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனீர்கள். "அத்தைக்கு எங்க வீடு புடிக்கலை போல" என்று தனம் அன்று கண் கலங்கியதை நான் பார்த்தேன். காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை என்று அவளிடம் சொல்.

கூட்டமாகப் போகாதே என்று உனக்குச் சொல்ல முடியாது. அந்த நாற்பத்தொரு பேருக்கும் வேறு வழியில்லை, அந்தக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நீ. கூட்டிக்கொண்டு போ. ஆனால் தனத்தின் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல். அவளும் குழந்தையும் இரண்டு நாள் கழித்துச் சொந்த டிக்கெட்டில் பினாங்குக்கு வரட்டும். குழந்தைக்கு முடியவில்லையென்றால் எந்த ஸ்டேஷனிலும் இறங்கலாம். கப்பல் தவறினால் தவறட்டும், அடுத்த கப்பல் வரும். உன் கையில் சீட்டு இருக்கும்போது நீ நல்ல புருஷனாக இருக்க முடியாது, தம்பி. நான் உன் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தவன், என்னாலேயே முடியவில்லை. இன்னொன்று, சிரிக்காதே. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தனத்துக்குப் பழக்கிவிடு. வெட்கப்படுவாள், மாட்டேன் என்பாள். விடாதே. வீட்டில் வேண்டாம், வழியில் மட்டுமாவது உரக்கக் கூப்பிடட்டும். அதனால் உன் ஆயுசு குறைந்துவிடாது. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார். யாராவது கூப்பிட்டால், எண்ணிக்கை விட்டுப்போனாலும் பரவாயில்லை, திரும்பிப் பார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, உன் அம்மாவுக்குத் தெரியாமல் தபாலில் போடுவது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இன்று மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். பெக்கோக்கில் அந்தக் குரல் எனக்குக் கேட்டது என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பலகை இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் கூப்புட்டேன். உங்க வெரலு நின்னுச்சு. அப்புறம் மறுபடி போச்சு" என்றாள். இருபத்திரண்டு வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மிச்சத்தையும் படிங்க என்றாள். படித்தேன்.

முடித்ததும் எழுந்து உள்ளே போய்ப் பழைய தகரப்பெட்டியை இழுத்தாள். தன் இரண்டு புடவையை மடித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் செனாய்க்கு வருகிறாளாம். நீ ஆட்களோடு புறப்பட்ட பிறகு, அவள்தான் தனத்தையும் குழந்தையையும் பினாங்குவரை கொண்டுவந்து கப்பல் ஏற்றிவிடுவாளாம். திரும்பித் தனியாக வந்துவிடுவாளாம். ரயிலில் ஏறி இறங்கவே மறந்திருப்பாளே என்று எனக்குப் பதைப்பு. "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "வேணாம். நானும் மருமகளும் புள்ளையும் மட்டுந்தான். எண்ணுறதுக்கு ஆளு வேணாம்."

ஆகையால் வெள்ளிக்கிழமை நீ ஸ்டேஷனுக்குப் போய் நில். தனத்தையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போ. அம்மா இறங்கியதும் நேரே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகப் பார்க்காதே. முதலில் எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆற்றுப் பாதைக்கு வழி கேட்க மாட்டாள். நீங்கள் பின்னால் நடந்தால் போதும்.

உன் அப்பா